ஆத்தூருக்கு மேற்கே நின்ற இரவு

மலையில் பிறந்த ஆறு கடலுக்குப் போய்ச் சேர எத்தனையோ யுகமாக ஒற்றை ஆளாக ஓடிக்கொண்டிருக்க, அதே தூரத்தை ஆளாளுக்குப் பங்குபோட்டு ஒரே ராத்திரியில் ஓடித் தீர்த்துவிடலாம் என்று மனிதர்கள் சிலர் கிளம்பினார்கள். அப்படிக் கிளம்பியவர்களிலேயே காலில் வேகம் ஆகக் குறைந்தவரும் வாயில் சட்டம் ஆக மிகுந்தவரும் கருங்கரை ஊர்ப் பத்திர எழுத்தர் கோமதிநாயகம்தான் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை, அவர் உட்பட.

ஓட்டம் இப்படி: பாபநாசத்தில் சூரியன் மலைக்குப் பின்னால் விழுந்ததும் ஒவ்வொரு அணியிலும் முதல் ஆள் ஒரு மூங்கில் கோலை வாங்கிக்கொண்டு கிளம்புவார். கோல் கைமாறிக் கைமாறி, அம்பாசமுத்திரம் தாண்டி, சேரன்மகாதேவி தாண்டி, நெல்லை தாண்டி, ஆழ்வார்திருநகரி தாண்டி, ஆத்தூரில் கடைசி ஆளின் கைக்கு வந்து, தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் முடியும். இரவு முடிவதற்குள் கோல் ஆத்தூருக்கு வந்துவிட வேண்டும். விடிந்துவிட்டால் ஆத்தூருக்குக் கிழக்கே உள்ள சாலை மீன் லாரிகளுக்குச் சொந்தம். அதில் கடைசி ஆளை ஓட விடமாட்டார்கள்.

கருங்கரையின் அணிக்குப் பெயர் சர்க்கரை நடையர் சங்கம். டாக்டர் நடக்கச் சொன்னது கோமதிநாயகத்தைத்தான். தனியாகப் போனால் திரும்பிவிடுவார் என்று மனைவி ஆவுடையும் கூடப் போனாள். ஒரு மாதத்துக்குள் அவர் வழியில் நல்ல டீக்கடை ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார். அவள் தன்னால் ஓட முடியும் என்பதைக் கண்டுபிடித்தாள். பதிவு அலுவலகத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த, ஐம்பதை நெருங்கிய, சேலையை விட்டால் வேறு உடுப்பு அறியாத அந்த அம்மாள் ஒரு நாள் டிராக் பேண்ட் வாங்கினாள், அதற்கு மேல் சேலையும் கட்டாமல் ஓடினாள், ஊர் இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் வேறு வேலை பார்க்கப் போனது. சங்கத்தில் அவளைவிட வேகமானவர் இல்லை என்பதால் கடைசிக் கட்டம் அவளுக்கு. ஆனால் சங்கத்தில் மற்ற எல்லோரும் சர்க்கரைக்காரர்கள் என்பதால் கோல் ஒரு வருடமும் இரவுக்குள் ஆத்தூர் வந்ததில்லை. மூன்று வருடம் அவள் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால் ஓரம் மேற்கே பார்த்து நின்றாள். மூன்று வருடமும் கிழக்கே வெளுத்தது. மூன்று வருடமும் பஸ் ஏறி வந்து ஜெராக்ஸ் கடையைத் திறந்தாள்.

நான்காம் வருடம் ஒரு தகராறு வந்தது. விடிவது என்றால் எந்த ஊரில் விடிவது, மலையடியிலா கடற்கரையிலா என்று இரண்டு அணிகள் அடித்துக்கொள்ள, போட்டிக் கமிட்டி கோமதிநாயகத்தைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, ஒருத்தனும் வாயத் தொறக்க முடியாதபடி நீங்களே சட்டத்த எழுதிக் குடுங்க" என்றது. இப்படி ஒரு வார்த்தைக்காக அவர் முப்பது வருடமாகக் காத்திருந்தார் என்பது கமிட்டிக்குத் தெரியாது.

அவர் தொழிலில், நான்கெல்லை சொல்லப்படாத பொருள் உலகத்தில் இல்லாத பொருள். எனவே இரவுக்கும் நான்கெல்லை எழுதினார். வடக்கேயும் தெற்கேயும் ஆற்றின் இரு கரை. மேற்கே பாபநாசம் மலை. கிழக்கு எல்லைக்கு வந்தபோது பேனாவை மூடி வைத்து யோசித்தார். சூரியோதயம் என்று எழுதலாம். யாராயிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் சூரியன் இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத மூன்றாம் நபர். மூன்றாம் நபரை நம்பி எல்லை எழுதினால் பின்னால் வழக்கு வரும். ஆகவே, "கிழக்கே: கடைசி அணியின் கடைசி ஓட்டக்காரர் கோல் வாங்கி ஓடத் தொடங்கும் இடம்" என்று எழுதி, அந்த இடத்துக்கு "மேற்கே: மேற்படி இரவு" என்றும் எழுதி, ஒன்றின் எல்லை மற்றொன்றில் சொருகி நிற்கும் அழகைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் விடிவதற்கு இடமே விடவில்லை என்பது அவர் கண்ணில் படவில்லை. கோலைத் தரையில் வைப்பவர் உரிமையைக் கைவிட்டவராவார், கோல் மனிதர் காலால் மட்டுமே பயணப்படும் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதி, முத்திரைத்தாளில் ஏற்றி, எதற்கும் இருக்கட்டும் என்று பதிவும் செய்துவிட்டார். நான்கெல்லை இருக்கிறதா, இருக்கிறது, சாட்சி இருக்கிறதா, இருக்கிறது என்று பார்த்துப் பதிந்து கொடுத்தார்கள்.

போட்டி அன்று அவர் வேலை, வேனில் உட்கார்ந்து விதிகளை விளக்குவது மட்டுமே. ஆனால் ஆழ்வார்திருநகரியிலிருந்து ஆத்தூர்வரை ஓட வேண்டிய வங்கிக் காசாளர் வழியில் ஆறு பரோட்டாவைச் சால்னாவில் குளிப்பாட்டிச் சாப்பிட்டுவிட்டு, ஓட வேண்டிய திசையை விட்டுவிட்டு வேறு திசைகளில் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தார். அணிப் பட்டியலில் மாற்று ஆள் என்ற இடத்தில், அழகுக்காக, தன் பெயரையே எழுதியிருந்தார் கோமதிநாயகம்.

முந்தைய கட்டத்தை ஓடி வந்த மருந்துக்கடை மைதீன் பிச்சை கோலை அவர் கையில் திணித்தான். "ஓடுங்க அண்ணாச்சி!"

"வேட்டியோடயா?"

"அவுத்துப் போட்டுட்டு ஓடுனாலும் பத்திரத்துல தடை இல்லைலா?"

தடை இல்லைதான். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். இலை மூடி உறங்குவதில்லை என்று பேர்பெற்ற அந்த ஊர்ப் புளியமரம் நிற்கும் கோயிலைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது. தேரடியைத் தாண்டுவதற்குள் ஓட்டம் நடையானது. ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் நடை, நடை என்று சொல்லிக்கொள்ளும் ஒரு முயற்சி ஆனது. மைதீன் மொபெட்டில் பக்கத்திலேயே வந்தான். மற்ற அணிகள் எல்லாம் எப்போதோ முடித்துவிட்டன.

தென்திருப்பேரையை நெருங்கும்போது கீழ்வானத்தில் ஒரு சாம்பல் கோடு வந்தது. இன்னும் பாதிக்கு மேல் தூரம் இருக்கிறது, இந்த வருடமும் அவ்வளவுதான், அதுவும் இந்த வருடம் தன்னால் என்று அவர் நினைத்தார். ஆனால் அந்தக் கோடு வந்த இடத்திலேயே நின்றது. அடுத்தவன் வயல் வரப்புக்கு வந்துவிட்ட நாகரிகமான மனிதரைப் போலக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் பின்வாங்கிப் போய்விட்டது. நட்சத்திரங்கள் மறுபடி பளிச்சென்று வந்தன. மைதீனின் செல்போனிலும், கோயில் கடிகாரத்திலும், டீக்கடைச் சுவரிலும் நேரம் விடிவதற்கு ஒரு நிமிடம் இருக்கும்போது நின்றது.

சேவல்கள் கூவின. விடியவில்லை. சந்தேகத்தோடு இன்னொரு தரம் கூவின. பிறகு, தப்பான இடத்தில் கைநாட்டு வைத்துவிட்டவர்களைப் போல ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இறங்கிவிட்டன. பெண்கள் வாசல் தெளித்துக் கோலம் போட்டார்கள். விடியவில்லை என்றதும் பக்கத்து வீட்டுக் கோலத்தைவிடப் பெரிதாக இருக்கட்டும் என்று சுற்றிலும் இன்னொரு கோலம் போட்டார்கள். பக்கத்து வீடும் சும்மா இருக்கவில்லை. தெருவில் நடக்க இடமில்லாமல் போயிற்று. விடியற்காலை முதல் பஸ் கிளம்ப முடியாமல் நிற்க, ராத்திரிக் கடைசி பஸ் மட்டும் போவதும் வருவதுமாக இருந்தது. கோயிலில் பெருமாளை எழுப்புவதா வேண்டாமா என்று பேசி, எதற்கும் பாடிவிடுவோம், எழுவது அவர் இஷ்டம் என்று முடிவாயிற்று. பரீட்சைக்குப் படிக்காத பிள்ளைகள் பாடத்தை எல்லாம் படித்து முடித்து, வேறு வழியில்லாமல் முன்னுரையையும் படித்தார்கள். கடலுக்குப் போனவர்கள் கரைக்குத் திரும்பும் நேரம் வராததால் மேலும் மேலும் மீன் பிடித்தார்கள். தூங்குகிறவர்கள் தூங்கி முடித்து எழுந்து, இருட்டைப் பார்த்து மறுபடி படுத்து, தூக்கம் தீர்ந்துபோய் இரவு மட்டும் தீராமல் இருப்பதைக் கண்டு, நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு வந்தார்கள்.

காரணம் தெரிய நேரமாகவில்லை. யாரோ பத்திரத்தின் நகலை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். அதைப் படித்ததும் ஊருக்கு இருந்த கொஞ்ச நஞ்ச ஆச்சரியமும் போய்விட்டது.

"பதிஞ்ச பத்திரமா?"

"பதிஞ்சதுதான். சீல் இருக்குல்லா."

"அப்பம் சூரியன் என்ன செய்யும் பாவம். எங்க பெரியப்பா வீட்டு வழக்குலயும் இப்படித்தான், ஒத்த வரி, இருபது வருசம் உள்ள போக முடியல."

கோமதிநாயகம் அப்போது வாழைத் தோட்டங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தார். நியாயமாக அவர் வெட்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால், தான் எழுதிய ஒரு வரியை வானம் இத்தனை கவனமாகப் படித்திருக்கிறதே என்று ஒரு சின்னப் பெருமை, கால் கொப்புளத்தையும் மீறி, அவருக்குள் வந்தது. முப்பது வருடத்தில் கட்சிக்காரர் ஒருவர்கூட அவர் எழுதியதை முழுக்கப் படித்ததில்லை.

பெருமை அதிக நேரம் நிற்கவில்லை. கல்யாண மாப்பிள்ளையின் அப்பா ஒருவர் எதிரே வந்தார். "அய்யா, முகூர்த்தம் விடிஞ்சதும். பையன் மாலையும் கழுத்துமா உக்காந்திருக்கான். பொண்ணு வீட்டுல மூணாவது பந்தி டிபன் ஓடிட்டு இருக்கு. கொஞ்சம் எட்டி வைங்களேன்."

"எட்டித்தான் வைக்கேன்."

"இதுவா எட்டு?" என்று அவர் அந்தக் காலையே உற்றுப் பார்த்தார்.

பைக்கில் வந்த பையன்கள் பின்னால் ஏறச் சொன்னார்கள். மனிதர் காலால் மட்டுமே என்ற வரியைச் சொன்னார். தூக்கிக்கொண்டு போகிறோம் என்றார்கள். யார் காலால் என்பது பற்றி இன்னொரு வரி இருந்தது. "இவ்வளவு வரி எழுதுன மனுசன், விடியட்டும்னு ஒரு வரி எழுதக் கூடாதா?" என்றாள் டார்ச் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண். ஒரு வரி குறைகிறது என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. அவர் பிழைப்பில் இது புதிது.

பிறகு ஜீப்பில் தாசில்தார் வந்து இறங்கினார், சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, தூங்கித் தூங்கி முகம் வீங்கி. "நீங்கதான் கோமதிநாயகமா? ரத்துப் பத்திரம் எழுதுங்க. நானே சாட்சிக் கையெழுத்துப் போடுறேன்."

"எழுதிரலாம் மேடம். ஆனா பதியணும்."

"பதிங்க."

"ஆபீஸ் பத்து மணிக்குத்தான் திறக்கும்."

தாசில்தார் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணி வருவதற்கு முதலில் காலை வர வேண்டும். அரசுப் பணியில் இதைவிடச் சிக்கலான கோப்புகளைப் பார்த்தவர் என்பதால் அவர் கலங்கவில்லை. பத்திரத்தை வாங்கி டார்ச் வெளிச்சத்தில் முதலிலிருந்து படித்தார். கோமதிநாயகம் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே தாசில்தாரின் கண் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். அங்கேதான் நின்றது.

"கோலைத் தரையில் வைப்பவர் உரிமையைக் கைவிட்டவராவார்," என்று வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "அப்ப நீங்க கீழ வச்சாப் போதும். உங்க டீம் போட்டியில இருந்து விலகிரும். மத்த டீமெல்லாம் முடிச்சாச்சு, இனி கோல் வாங்க ஆளே இல்ல. விடிஞ்சிரும்."

"விடிஞ்சிரும்."

"வைங்க அப்ப."

சுற்றிலும் நூறு டார்ச் வெளிச்சம் அவர் கையில் இருந்த மூங்கிலின் மேல் விழுந்தது. வாழைக்காய் வியாபாரிகள், மாப்பிள்ளையின் அப்பா, இரட்டைக் கோலம் போட்ட பெண்கள் எல்லோரும், "வச்சிருங்க அண்ணாச்சி", "கீழ வைங்கய்யா, புண்ணியமாப் போவும்" என்று ஒரே குரலாகச் சொன்னார்கள். உண்மையைச் சொன்னால் அவருக்கும் அதுதான் ஆசை. இடது முழங்கால் தனியாக ஒரு மனு கொடுத்துக்கொண்டிருந்தது. பாதியில் விடுவது அவருக்குப் புதிதும் அல்ல. நடைப்பயிற்சியை டீக்கடையிலும், யோகாசனத்தைப் பாயிலும், சர்க்கரைப் பத்தியத்தைப் பக்கத்து வீட்டுக் காதுகுத்திலும் விட்டவர். ஒரு மாவட்டமே கேட்டுக்கொண்டதால் விட்டுக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள எத்தனை பேருக்கு வாய்க்கும்? குனிந்தார். குனிவதற்கே நேரம் பிடித்தது.

போன் அடித்தது. மைதீன் எடுத்து அவர் காதில் வைத்தான்.

"எங்க இருக்கிய?" என்றாள் ஆவுடை.

"வாழைத் தோப்புப் பக்கம். இங்க எல்லாரும் கோலக் கீழ வைக்கச் சொல்லுதாவ."

"இங்கயும் சொல்லிட்டுத்தான் இருக்காவ. லாரிக்காரங்க, மீன்காரம்மா எல்லாரும்." பிறகு கேட்டாள், "கால் வலிக்கா?"

"வலிக்கி."

"அப்பம் வச்சிருங்க. பரவால்ல."

பரவால்ல என்ற அந்தச் சொல்லை அவருக்குத் தெரியும். தொழில்ரீதியாகத் தெரியும். அப்பா இறந்த பிறகு அண்ணன் தம்பிகள் அக்கா தங்கைகளைக் காரில் அழைத்துக்கொண்டு அவர் மேஜைக்கு வருவார்கள், சகோதரிகள் சொத்தில் தங்களுக்குள்ள பங்கை மனப்பூர்வமாக விட்டுக்கொடுப்பதாக அவர் விடுதலைப் பத்திரம் எழுதுவார், வாசித்துக் காட்டிவிட்டு, "சம்மதந்தானம்மா?" என்று கேட்பார், அந்தப் பெண்கள் எங்கோ பார்த்துக்கொண்டு, இதே குரலில், இதே சொல்லைச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். "மனப்பூர்வமாக" என்ற வார்த்தையை எத்தனை ஆயிரம் தரம் எழுதியிருப்பார்! ஒரு தரமும் பேனா நின்றதில்லை. மூன்று வருடமும் ஆத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி அவள் சொன்னதும் இதுதான். அவரும் சம்மதம் என்று குறித்துக்கொண்டு டீ குடிக்கப் போயிருந்தார்.

குனிந்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

"வைக்க முடியாது," என்றார்.

"யாருகிட்ட சொல்லுதிய?" என்றாள் போனில் ஆவுடை.

"எல்லாருகிட்டயும்."

தாசில்தார் கண்ணாடியைக் கழற்றினார். "ஏங்க, உங்க வீட்டம்மா ஒரு ஓட்டம் ஓடணும்கிறதுக்காக ஊரு பூரா விடியாம இருக்கணுமா?"

"கேட்டா அநியாயமாத்தான் இருக்கு மேடம்," என்று ஒப்புக்கொண்டார் கோமதிநாயகம். "நான் நடந்துக்கிட்டே கேட்டுக்கிடுதேன்."

நடந்தார். கோலை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார், தவறி விழுந்தாலும் அது தரையில் படக்கூடாது என்பதற்காக. அப்படிப் பிடித்துக்கொண்டு அவர் போனது, கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போகிறவரின் சாயலில் இருந்தது. கூட்டம் முதலில் திட்டியது, பிறகு கெஞ்சியது, பிறகு, திட்டினாலும் கெஞ்சினாலும் அவருடைய வேகம் ஒன்றேதான் என்பதைப் புரிந்துகொண்டு, இந்த மனுசனைக் கொண்டுபோய்ச் சேர்க்காமல் விடியாது என்ற முடிவுக்கு வந்து, கூடவே நடக்கத் தொடங்கியது. மாப்பிள்ளையின் அப்பா முன்னால் போய்க் கல்லும் முள்ளும் பொறுக்கினார். வாழைக்காய் வியாபாரி விசிறினார். தாசில்தார் ஜீப்பை அவருக்குப் பின்னால் மெதுவாக ஓட்டி வெளிச்சம் அடிக்கச் சொன்னார். அந்த வெளிச்சத்தில் அவருடைய நிழல் மட்டும் ஆத்தூருக்கு எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கும்.

"அண்ணாச்சி, ஓடுற மாதிரி ஒரு ரெண்டு எட்டு வைங்க," என்றான் மைதீன்.

"ஓடிட்டுத்தாம்ல இருக்கேன்."

"மொபெட்டு இந்த ஸ்பீடுல நிக்க மாட்டேங்கி. சாயுது."

கொடிக்கால் வாசம் வந்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார், வலியில்தான். ஆத்தூர் முனையில் மீன் லாரிகள் வரிசையாக நிற்க, அவற்றின் விளக்கு வெளிச்சத்தில் ஆவுடை நின்றிருந்தாள். கோலை நீட்டினார். அவள் வாங்கினாள். அவர் கை விட்டதும் உட்கார்ந்துவிட்டார், தார்ச்சாலையிலேயே.

கூட்டம் மொத்தமும் கிழக்கே திரும்பிப் பார்த்தது. அங்கே இருட்டு இம்மியும் அசையவில்லை. அவள் கோலை வாங்கியிருந்தாளே தவிர, ஓடத் தொடங்கவில்லை.

ஆவுடை கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். ஒரு பாட்டில் தண்ணீரை அவரிடம் கொடுத்தாள்; அவர் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கொண்டையை அவிழ்த்து மறுபடி கட்டினாள். ஒரு காலைத் தூக்கி லாரிப் படியில் வைத்து ஷூ நாடாவை அவிழ்த்து, இழுத்து, நிதானமாக முடிந்தாள். அடுத்த காலுக்கு வந்தாள்.

"அம்மா, கொஞ்சம் சீக்கிரம்," என்றார் தாசில்தார். "எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம்."

"நானும் காத்துக்கிட்டுத்தான் இருந்தேன், மேடம்," என்றாள் ஆவுடை, நாடாவிலிருந்து கண் எடுக்காமல். "மூணு வருசம். ஒரு நிமிசம் நில்லுங்க."

தாசில்தார் நின்றார். லாரிகள் நின்றன. கடலுக்கு அந்தப் பக்கம் ஒன்று நின்றுகொண்டிருப்பதும் எல்லோருக்கும் தெரிந்தது. பார்க்க முடியாவிட்டாலும், வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற ஆளைப் போல அதன் இருப்பு தெரிந்தது. ஆவுடை நிமிர்ந்து, மேற்கே ஒரு தரம் பார்த்து, கிழக்கே திரும்பி, ஓடினாள்.

சூரியன் அன்று உதிக்கவில்லை, பாய்ந்தது. எடுத்த எடுப்பில் பனை உயரம் ஏறிவிட்டது. கடிகாரங்கள் எல்லாம் விட்ட நேரத்தைப் பிடிக்கத் தாவின. ஐயோ பத்து மணி என்று கத்திக்கொண்டு தாசில்தார் ஜீப்பில் ஏறினார். மாப்பிள்ளையின் அப்பா யாருடைய பைக்கிலோ தொற்றினார். மைதீன் கடை திறக்க வேண்டும் என்று போய்விட்டான். முதல் பஸ்ஸும் இரண்டாம் பஸ்ஸும் மூன்றாம் பஸ்ஸும் ஒன்றாக வந்தன. இதுவரை விசிறிய வியாபாரி, "ஓரமா உக்காருமய்யா, வண்டி போவ வேண்டாமா," என்று சொல்லிவிட்டுப் போனார். கோமதிநாயகம் தவழ்ந்து ஓரத்துக்குப் போனார். மீன் லாரிகள் மட்டும், ஏனோ, கிழக்கே அந்தச் சாலையில் கொஞ்ச நேரம் கழித்தே கிளம்பின.

வெயில் தலைக்கு மேல் வந்த பிறகு போன் அடித்தது. காற்றும் அலையும் சேர்ந்து கேட்டன.

"முட்டளவு தண்ணில நிக்கேன்," என்றாள். மூச்சு இன்னும் அடங்கவில்லை. "ஆறு எது கடல் எதுன்னு தெரியல. கால் ரெண்டும் வெந்துபோச்சு. இங்க ஒருத்தரும் இல்ல, ஓட்டம் முடியுத இடத்துல போட்ட பந்தலையும் பிரிச்சிட்டுப் போயிட்டாவ. கோல யாருகிட்ட குடுக்கணும்?"

அவர் பத்திரத்தை மனத்தில் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். யார் யாரிடமிருந்து வாங்க வேண்டும், எந்தக் கையால் வாங்க வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தார். கடைசியில் யாரிடம் ஒப்படைப்பது என்பதை எழுத மறந்திருந்தார்.

"அதப் பத்தி ஒண்ணும் சொல்லலையே," என்றார் குற்றவாளியைப் போல.

ஒரு அலை வந்து போகும் சத்தம் கேட்டது.

"அப்பம் இது எனக்கு," என்றாள் ஆவுடை. "யாரு கேட்டாலும் குடுக்க மாட்டேன். நீங்க மெதுவா பஸ் ஏறி வாங்க."